கைபடாத கணக்கு

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவதால்தான் நாடு முன்னேறாமல் கிடக்கிறது என்று மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்த செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில், ஒன்றாம் வகுப்பு டீச்சர் விரல்விட்டு எண்ணத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எட்டும் அஞ்சும். பெரிய நம்பரை எங்க வெக்கணும்?"

"மனசுல!" என்று வகுப்பு முழுவதும் நெஞ்சில் தட்டிக்கொண்டது.

"சின்ன நம்பரை?"

"கையில!"

"எட்டு மனசுல. அஞ்சு கையில. எட்டுக்கு அப்புறம்?"

ஒன்பது, பத்து என்று கூரை அதிர எண்ணிக்கொண்டு போய்ப் பதின்மூன்றில் எல்லோரும் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். ஒவ்வொரு விரலையும் கன்னத்தில் ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் அவள் எண்ணுவாள். அதனால் நேரம் பிடிக்கும். ஆனால் விடை தப்பாது.

வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். பயந்த சுபாவம் அவருக்கு. மேலிடத்துத் தபாலை உறைகூடக் கிழியாமல் தண்ணீர் தொட்டுப் பிரிப்பவர். வந்த சுற்றறிக்கை ஒவ்வொன்றையும் தேதி வாரியாக மனப்பாடம் செய்திருப்பவர். இன்றைக்கு வந்ததை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, கையை இறக்கச் சொல்லுங்க."

"யாரை சார்?"

"எல்லாரையும். இனிமே கூட்டல்ல கை கிடையாதாம்."

"அப்ப அஞ்சை எங்க சார் வெக்கிறது?"

தலைமையாசிரியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதையும் மனசுலயே வெக்கணுமாம்."

"மனசுலதான் ஏற்கெனவே எட்டு இருக்கே சார்."

"இடம் பண்ணிக்கணும்மா. நாமெல்லாம் எவ்வளவு வெச்சுக்கிட்டு இருக்கோம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அவர் இரண்டாம் வகுப்புக்குப் போனார்.

டீச்சருக்கு இது வெறும் கணக்குப் பாட விஷயமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பார். அவர் தற்காலிக ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த வருடம் நட்ட மரம் இப்போது பள்ளிக்கூடத்துக்கே நிழல் தருகிறது. இவர் இன்னும் தற்காலிகம்தான். கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டு, வீட்டில் பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். இந்த வருடம் யாருடைய வகுப்பு 'கைபடாத வகுப்பு' என்று சான்றிதழ் வாங்குகிறதோ அவர்களை மட்டும் நிரந்தரம் ஆக்குவோம், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவோம் என்று சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் 'கைபடாமல் தயாரிக்கப்பட்டது' என்று போடுவார்களே, அதுபோலப் பள்ளிக்கூட வாசலிலும் பலகை மாட்டுவதாகத் திட்டம்.

ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மின்விசிறிகள் மேடையில் மட்டும் ஓடின. மனக்கணக்கு அலுவலர் என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கி, அதில் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"ஆசிரியப் பெருமக்களே, கை எதற்கு இருக்கிறது? கைதட்டுவதற்கு."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"நான் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. அதனால்தான் என்னால் விருப்பு வெறுப்பு இல்லாமல் சிந்திக்க முடிகிறது. தினமும் குழந்தைகளோடு இருக்கும் உங்களுக்கு அந்த வசதி இல்லை. அது உங்கள் குற்றமில்லை. கூட்டலுக்கு ஏழு உத்திகளை வகுத்திருக்கிறோம். ஏழும் ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டவை. ஆராய்ச்சி செய்ததும் நாங்கள்தான், நிரூபித்ததும் நாங்கள்தான். வெளியாட்களை விட்டால் தவறு வந்துவிடும்."

பிறகு திரையில் எட்டு என்ற எண் வந்தது. அதற்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். எட்டுக்குப் பத்தாக வேண்டும் என்று ஆசை. பக்கத்தில் நிற்கும் ஐந்திடம் போய் இரண்டு கேட்கிறது. ஐந்து பெரிய மனதோடு கொடுத்துவிடுகிறது. எட்டு பத்தாகிவிட்டது, ஐந்து மூன்றாகிவிட்டது. பத்தும் மூன்றும் பதின்மூன்று. இதற்குப் பத்தாக்கல் உத்தி என்று பெயர். ஆறும் ஆறும் என்றால் இரட்டையர் உத்தி, ஆறும் ஏழும் என்றால் இரட்டையருக்குப் பக்கத்து வீட்டு உத்தி என்று இன்னும் ஆறு இருந்தன. பிள்ளை முதலில் எழுந்து நின்று உத்தியின் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கணக்கு.

டீச்சர் எழுந்தார். "சார், ஒரு பிள்ளை விடையை டக்குனு சொல்லிட்டா?"

"எந்த உத்தின்னு கேளுங்க."

"தெரியலைன்னு சொன்னா?"

"அப்ப அது விடை இல்லைம்மா. உளறல்."

"உத்தி பேரைச் சரியா சொல்லிட்டு விடையைத் தப்பா சொன்னா?"

அலுவலர் சிரித்தார். இப்படி ஒரு கேள்விக்காகக் காத்திருந்தவர் போல இருந்தது. "சரியான ரோட்டுல தப்பான ஊருக்குப் போயிருக்கான்னு அர்த்தம். ரோடுதான் நம்ம துறை. ஊரு தேர்வுப் பிரிவைச் சேர்ந்தது. அதுல நாம தலையிடுறதில்ல."

மறுநாள் டீச்சர் எட்டின் ஆசையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். வகுப்பு கண்கொட்டாமல் கேட்டது. ஐந்து இரண்டைக் கொடுத்துவிட்ட இடத்தில் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"எட்டுகிட்டதான் நிறைய இருக்கே டீச்சர். அது ஏன் அஞ்சுகிட்டப் போய்க் கேக்குது?"

"அதுக்குப் பத்தாகணும்டா."

"அஞ்சுக்கும் ஆசை இருக்கும்ல?"

"பாவம் டீச்சர் அஞ்சு" என்று பட்டாணி சொன்னாள். இரண்டு பிள்ளைகள் அழவே ஆரம்பித்துவிட்டன. ஐந்துக்கு இரண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் சாப்பிடப் போவோம் என்று வகுப்பு அடம்பிடித்தது. டீச்சர் திருப்பிக் கொடுத்தார். எட்டும் ஐந்தும் பழையபடி எட்டும் ஐந்துமாக நின்றன.

ஆனாலும் டீச்சர் விட்டுவிடவில்லை. உத்தியில் ஒரு குற்றமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். முட்டைக்கடையிலிருந்து காலி அட்டைகளை வாங்கிவந்து, பத்துக் குழியாக வெட்டி, குழியில் பாட்டில் மூடிகளைப் போட்டுப் பிள்ளைகளைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். எட்டுக் குழி நிரம்பியிருந்தால் இரண்டு காலி என்பது கண்ணில் பட்டதும் நாலைந்து பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. பட்டாணிக்கும் பாதி பிடிபட்டது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பாதி வகுப்பு தேறியிருக்கும்.

விடவில்லை. அலுவலர் சோதனைக்கு வந்தார். முட்டை அட்டையைப் பார்த்தவுடன் முகம் சுருங்கியது.

"மூடியை எதால தள்ளுறாங்க?"

"கையாலதான் சார்."

அட்டைகள் வெளியே போயின.

அலுவலர் கையில் நீளக் கம்பி ஒன்று இருந்தது. நுனியில் கண்ணாடி. பெரிய கட்டடங்களின் வாசலில் காவலாளிகள் கார்களுக்கு அடியில் விட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி. அதைப் பெஞ்சுகளுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். மேஜைமேல் வெறுமனே கிடக்க வேண்டிய கைகள் கீழே மடியில் மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தன. 'விரல் அசைவு: கடுமை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கையுறைகள் வந்தன. பெரியவர்கள் அளவு. அவற்றுக்குள் பிள்ளைகளின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று அலுவலராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே கூட்டல் நடந்தால் யாருக்குத் தெரியும்? எனவே விரல் இல்லாத துணிப்பைகள் வந்தன. மணிக்கட்டில் நாடா கட்டிக்கொள்ள வேண்டும். காலை முதல் பிள்ளைகள் பையில் கட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பென்சில் பிடிக்க முடியவில்லை. அதனால் எழுத்துவேலை நிறுத்தப்பட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை. டீச்சரே ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தார். கழிப்பறைக்குப் போனால் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. டீச்சர் தன் கைப்பையில் கணக்குப் புத்தகத்தோடு நாலு ஜோடி மாற்று நிக்கர் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

கையை அடைத்ததும் கணக்கு காலுக்கு இறங்கியது. செருப்புக்குள் கட்டைவிரல் நெளிவதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது. கெட்டி ஷூ கட்டாயம் என்று உத்தரவு வந்தது. காலை அடைத்ததும் வாய்க்குப் போனது. பட்டாணி நாக்கால் பல்லைத் தொட்டுத் தொட்டு எண்ணக் கற்றுக்கொண்டாள். முன்பல் ஒன்று விழுந்திருந்த சமயம். எட்டும் ஐந்தும் அவளுக்குப் பன்னிரண்டு வந்தது. கன்னம் உப்பி உப்பி அடங்குவதை அலுவலர் கவனித்துவிட்டார்.

"வாயில என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். பல்லு."

'கணக்கு பல்லில் கசிகிறது' என்று எழுதினார். கணக்கு வேளையில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அப்படித்தான் வந்தது. அப்படி ஒட்டிக்கொண்டு உத்தியின் பெயரை எப்படிச் சொல்வது என்று தலைமையாசிரியர் விளக்கம் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை.

இதற்குள் டீச்சருக்கே புத்தி தடுமாற ஆரம்பித்திருந்தது. மாலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விரல் நீட்டித் தலையெண்ணுவது வழக்கம். இப்போது விரலை நீட்டப் பயம். கண்ணாலேயே எண்ணினார். ஒரு பிள்ளை குறைந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் குறைந்தது. பதறிப்போய்க் கழிப்பறை, தண்ணீர்த்தொட்டி, சாலை என்று ஓடிப் பார்த்தார். காலில் ஷூ கடித்துவிட்டது என்று ஒரு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்ததை, அது "டீச்சர், யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டபோதுதான் உணர்ந்தார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய பழமொழியைக் கேட்டுச் சிரித்தவர் அவர். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் கணவர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "முகம் ஏன் இப்படி இருக்கு?"

"என்னால முடியலைங்க. பிள்ளைங்களைப் பார்த்தா மூட்டை கட்டி வெச்ச மாதிரி இருக்கு."

"இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடு. அப்புறம் நிரந்தரம் ஆயிடும்."

"பல்லைக் கடிக்கவும் கூடாதுங்க. எண்ணுறோம்னு சொல்லிடுவாங்க."

அவர் சிரிக்கப் போய் முதுகு வலித்து அடக்கிக்கொண்டார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது டீச்சர் கையைப் பார்த்துக்கொண்டார். இந்த வேலையும் போய்விட்டால் மருந்துக்கு எங்கே போவது? வேலை போகாமல் இருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள இடம் போதவில்லை.

பட்டாணியின் அம்மா தையல்காரி. ஒருநாள் கழுத்தில் அளவுநாடாவோடு, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"டீச்சர், சண்டை போட வரலை. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"என் பொண்ணு வீட்டுலயும் கையை மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. பொம்மையை எடுக்க மாட்டேங்கிறா. ஊட்டினாத்தான் சாப்பாடு. தூக்கத்துலகூடக் கையை இப்படி இறுக்கி மூடிக்கிறா. பிரிச்சு விட்டா முழிச்சுக்கிட்டு அழறா. ஏண்டி கண்ணுன்னு கேட்டா, 'என் கை தப்பு பண்ணுதும்மா'ங்கிறா." அளவுநாடாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றிக்கொண்டாள். "அவ கை என்ன டீச்சர் தப்பு பண்ணிச்சு?"

பதிலுக்குப் பதிலாக டீச்சரிடம் இருந்தது, பெற்றோருக்குப் படித்துக் காட்டச் சொல்லித் துறை அனுப்பியிருந்த விளக்கம்: 'கை மறதி நல்ல அறிகுறி, குழந்தை மனத்துக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது.' அதை எடுத்தார். படிக்க வாய் வரவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டு, "நான் பாத்துக்கிறேம்மா" என்றார். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இறுதி மதிப்பீட்டுக்கு ஐந்து பேர் வந்தார்கள், மனக்கணக்கு அலுவலர் தலைமையில். ஆளுக்கு இருபது மதிப்பெண் போடலாம். எழுபத்தைந்து வந்தால் சான்றிதழ். காலையில் தலைமையாசிரியர் டீச்சரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"கை அசையாம இருந்தா மார்க், கால் அசையாம இருந்தா மார்க், கண்ணு அலையாம இருந்தா மார்க், உத்தி பேருக்கு மார்க். விடைக்கு மார்க்கே இல்லம்மா, நல்லா படிச்சுப் பாத்துட்டேன். பிள்ளைங்க சும்மா மரம் மாதிரி உக்காந்திருந்தாலே நீங்க பாஸ்."

பிள்ளைகள் மரம்போல உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கவே தேவையிருக்கவில்லை. சில வாரங்களாகவே அப்படித்தான் இருந்தார்கள். துணிப்பைகள் மேஜைமேல் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஜன்னல் வழியாக ஒரு காக்கை உள்ளே வந்து சுற்றிவிட்டுப் போனது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"அற்புதம்" என்றார் அலுவலர் மெதுவாக. "இந்த அமைதியைப் பாருங்க. பிள்ளைங்க இருக்கிற மாதிரியே தெரியல." பட்டாணியைப் பார்த்துக் குனிந்தார். "எட்டும் அஞ்சும். சொல்லு பாப்பா."

பட்டாணி எழுந்தாள். சுவரைப் பார்த்தபடி, "பத்தாக்கல் உத்தி" என்றாள்.

ஐந்து பேரும் கைதட்டினார்கள். ஒருவர் பேனாவை மூடினார். இன்னொருவர் வண்டியை எடுக்கச் சொல்ல எழுந்தார். எல்லாம் முடிந்துவிட்டது. டீச்சர் நிரந்தரமாகிவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால் போதும்.

பட்டாணி உட்காரவில்லை. இன்னும் ஏதோ கேட்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தாள்.

டீச்சரின் வாய் தன்னால் திறந்தது. "எவ்வளவு கண்ணு?"

அலுவலர் திரும்பினார். "அது வேண்டாம்மா. தேவையில்ல."

"எவ்வளவு வருது கண்ணு, எட்டும் அஞ்சும்?"

பட்டாணி சுவரிலிருந்து கண்ணை எடுத்து டீச்சரைப் பார்த்தாள். "தெரியல டீச்சர்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடி தெரியும்" என்றாள்.

டீச்சர் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்தார். போய் அவள் முன்னால் மண்டியிட்டார். கட்டிலில் கிடக்கும் மனிதரின் முகம் ஒருதரம் வந்து போனது. தன் வலது கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உன் கை வேண்டாம். என் கையை எடுத்துக்கோ. எட்டு எங்க இருக்கு?"

"மனசுல."

"அஞ்சு இந்தா இருக்கு."

பையில் கட்டிய கையால் விரலைத் தொட முடியாது. பட்டாணி இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு குனிந்து, டீச்சரின் கட்டைவிரலில் தன் கன்னத்தை வைத்தாள்.

"ஒம்போது."

அடுத்த விரலுக்குக் கன்னத்தை நகர்த்தினாள். "பத்து." மூன்றாவது விரலுக்கு வரும்போது பின்னால் யாரோ கூடவே எண்ணினார்கள். பிறகு இன்னும் சிலர். சுண்டுவிரலில் மொத்த வகுப்பும் "பதிமூணு!" என்று கத்தியது. பட்டாணி டீச்சர் கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஐந்து பேரும் தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

டீச்சரும் தலைமையாசிரியரும் வெளியே நின்றார்கள். கதவு பழைய கதவு. உள்ளே பேசுவது கேட்டது. விரல் நீண்டது உண்மை. ஆனால் அது மாணவியின் விரல் இல்லை. விதியில் 'மாணவரின் விரல்' என்றுதான் இருக்கிறது. ஆளுக்கொரு அபிப்பிராயம். கடைசியில் அவரவர் மதிப்பெண்ணைப் போட்டுச் சத்தமாக வாசித்தார்கள். பதினேழு. பதினாலு. பதினாறு. பதினெட்டு. அலுவலர் மட்டும் ஒன்பது.

டீச்சர் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கினார். எழுபத்து நாலு. தப்பாக இருக்குமோ என்று மறுபடி கூட்டினார். எழுபத்து நாலேதான். ஒன்று குறைந்தது.

தலைமையாசிரியர் அவரைப் பார்த்தார். "உங்களுக்கு எவ்வளவும்மா வருது?"

"எழுபத்தி நாலு சார்."

"எனக்கும்" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே கூட்டல் தொடங்கியது. ஒருவர் பத்தாக்கலில் இறங்கினார். பதினேழுக்கு மூன்று வாங்கி, பதினாறுக்கு நாலு வாங்கி, பதினெட்டுக்கு இரண்டு வாங்கிப் போய்க்கொண்டே இருந்தார். "எண்பத்தி ஒண்ணு. இப்ப வாங்கினதைத் திருப்பிக் குடுக்கணும். யார்கிட்ட எவ்வளவு வாங்கினேன்?" இன்னொருவர் இரட்டையர் உத்தி; அவருக்கு எழுபத்தொன்று. பக்கத்து வீட்டு உத்தியைக் கண்டுபிடித்தவரே அங்கே இருந்தார். அதற்காகத்தான் அவருக்குப் பட்டமே கொடுத்திருந்தார்கள். அவருக்கு எழுபத்தாறு வந்தது. மற்றவர்கள் ஏற்கவில்லை. குரல்கள் உயர்ந்தன.

"கால்குலேட்டர்ல போட்டுடலாமே" என்றார் ஒருவர்.

"எதால அழுத்துவீங்க?" என்றது அலுவலரின் குரல். "விரலாலதானே?"

"தாள்ல எழுதிக் கூட்டினா?" என்று யாரோ கேட்டார்கள். "பேனாவை எதால பிடிப்பீங்க?" அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் கூட்டாமல் விடமாட்டார்கள் போலிருந்தது. இரட்டையர்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை எழுபத்து மூன்று. நெருங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், தபாலைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்கும் அந்த மனிதர், வாழ்நாளில் முதல்முறையாகத் தட்டாமல் ஒரு கதவைத் திறந்தார்.

"மன்னிக்கணும் சார். ஒரு சின்ன விஷயம். அனுமதிச்ச ஏழு உத்தியும் ஒரு இலக்க எண்ணுக்குத்தான். ரெண்டாவது சுற்றறிக்கை, மூணாவது பத்தி. நீங்க போட்டிருக்கிறதுல நாலு எண் ரெண்டு இலக்கம். அதைக் கூட்டுறதுக்கு உத்தி இன்னும் வரலையே சார்? உத்தி இல்லாம விடை சொன்னா..." அவர் தயங்கினார். "அது உளறல்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

அலுவலர் தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டார். எட்டாவது உத்தியை உருவாக்க ஒரு குழு அமைக்கப்படும் என்றும், அதுவரை முடிவு நிலுவையில் இருக்கும் என்றும், மதிப்பீட்டின்போது வகுப்பு கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் அதைப் பராமரிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தலைமையாசிரியர் வந்து டீச்சரிடம் சொன்னார். "கடைசியா நீங்க கையை நீட்டிக்கிட்டு இருந்தீங்க. அப்படியே பராமரிக்கணுமாம். நீட்டுங்கம்மா, உத்தரவு." பைகளைப் பற்றிக் கேட்டதற்கு, அவற்றைத் துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னார். அவை இன்னும் காயவில்லை.

வகுப்பில் மறுபடி சத்தம் வந்துவிட்டது. முட்டை அட்டைகள் வந்துவிட்டன. கடைசிப் பெஞ்சுப் பையனுக்குப் பத்தாக்கல் நன்றாகப் பிடிபட்டுவிட்டது, எட்டின் மேல் உள்ள கோபம் மட்டும் தீரவில்லை. பட்டாணி பொம்மையை எடுக்கிறாள், தானே சாப்பிடுகிறாள் என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் கணக்கு என்று வந்தால் அவள் டீச்சரின் கையைத்தான் கேட்கிறாள். உன் கையிலயே எண்ணு கண்ணு என்றால், முதலில் வாசலைப் பார்க்கிறாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் இரண்டு விரலுக்கு மேல் திறப்பதில்லை.

டீச்சர் நிரந்தரமும் ஆகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. எட்டாவது உத்திக் குழு மேலிடத்து அலுவலகத்தில் வாராவாரம் கூடுகிறதாம். ஒரு வாரம் எழுபத்தைந்து வரை வந்து, ஒருமனதாக ஏற்காமல் விட்டுவிட்டார்களாம்; சரியான விடைக்கு இன்னும் ஒன்றுதான் தூரம். சாலையில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் டீச்சர் கையிலுள்ள சாக்பீஸ் பலகையிலேயே நின்றுவிடுகிறது. காலையில் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுப்பதே பிழைப்பாக உள்ள அந்தப் பெண் வாசலில் ஒரு நிமிடம் நின்று கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறார்:

"கடவுளே, அவங்களுக்கு மட்டும் கூட்டத் தெரிஞ்சிடக் கூடாது."